திருவக்கரை கல்மரம் எந்தக் காட்டில் நின்றது?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போய்க் கல்மரப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மரம் எப்படிக் கல்லானது? 2 கோடி ஆண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், கார்பன் சோதனையா? சுற்றிலும் பனையும் வேலிக்கருவையும் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காடு இருந்தது என்று கூட வந்தவர் சொன்னாரே, அதை நம்பலாமா?

முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஆய்வுக்கூடத்தில் கல்மரத்தை அறுத்துத் தேய்த்துக் காலம் கழித்தவன் நான். "இங்கே காடு இருந்தது" என்கிற அந்த ஒரு வாக்கியத்தில் 'இங்கே' என்ற சொல் எவ்வளவு வழுக்கும் என்பது அடிபட்டுத்தான் தெரிந்தது.

அங்கே நீங்கள் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். செம்மண்ணில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் வரை நீளம். ஒன்றுகூட நிற்கவில்லை. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. மர அறுவை மில் வாசலில் இறக்கிப் போட்ட கட்டைகள் மாதிரி வெறும் அடிமரங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் கேள்விக்கு வருவோம். 'மரம் கல்லாக மாறிவிட்டது' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். நடப்பது மாற்றத்தைவிட நிரப்புதலுக்கு அருகில் வரும். ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் சட்டென்று மூடப்படுகிறது. காற்று போகாததால் பூஞ்சையும் கறையானும் வேலையைச் செய்ய முடியாது. நிலத்தடி நீரில் சிலிக்கா மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கும். நம் போர்வெல் தண்ணீரிலும் இருக்கிறது. அந்த நீர் மரத்துக்குள் ஊறும்போது செல்களின் உள்வெளியிலும் சுவரிலும் சிலிக்கா படிகிறது. சுவரில் இருந்த செல்லுலோஸ் மெல்ல மெல்ல அழிய அழிய, அதன் இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. முதலில் ஓப்பல் மாதிரி கெட்டிப்படாத வடிவில் இருந்து, காலப்போக்கில் குவார்ட்ஸ் ஆகிறது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறம். கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு, அல்லது மிச்சமிருக்கும் கரி.

இதற்கு லட்சக்கணக்கான ஆண்டு ஆகும் என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். ஆகத்தான் வேண்டும் என்றில்லை. ஜப்பானில் டதெயாமா என்ற இடத்தில் சிலிக்கா நிறைந்த வெந்நீர் ஊற்று ஓடையில் கிடந்த மரத்துண்டுகளில் ஏழே ஆண்டில் கணிசமான சிலிக்கா ஏறியிருந்ததை அங்குள்ள ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். திருவக்கரையில் வெந்நீர் ஊற்று இல்லை, ஆகவே அவ்வளவு வேகம் இருந்திருக்காது. கல்லாவதற்குப் பிடிக்கும் காலம் வேறு, கல்லான பிறகு கடந்த காலம் வேறு என்பதுதான் கவனிக்க வேண்டியது. பலகையில் போட்டிருக்கும் 2 கோடி பின்னதைக் குறிக்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது? கார்பன் சோதனை இல்லை. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும். 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்கிற அளவுக்கு எதுவும் மிச்சம் இராது. 2 கோடி ஆண்டுக்கு அதை வைத்து அளப்பது, தங்கம் நிறுக்கும் தராசில் நெல் லாரியை ஏற்றுவது போல. எண் வந்தது மரத்திலிருந்தே இல்லை, மரம் கிடக்கும் பாறையிலிருந்து. அந்தச் செம்மணற்கல்லுக்குப் பெயர் கடலூர் மணற்கல். புதுச்சேரி, கடலூர், நெய்வேலி என்று பரந்து கிடக்கிறது. அதற்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ள அடுக்குகள், கிணறு தோண்டும்போதும் துளையிடும்போதும் கிடைத்த நுண்ணுயிர் எச்சங்கள், இவற்றோடு பொருத்தி மயோசீன், பிளயோசீன் காலம் (சுமார் 2.3 கோடி முதல் 26 லட்சம் ஆண்டுக்கு முன்வரை) என்று கணித்தார்கள். ஆற்று மணலில் வயதைச் சொல்லும் எரிமலைச் சாம்பலோ கடல் சிப்பியோ லேசில் அகப்படாது. எனவே '2 கோடி' என்பதை ஒரு ஏறத்தாழக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாள் சான்றிதழாக அல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் வயதிலும் இதே தகராறு உண்டு: மயோசீன் என்பது பழைய கணக்கு, மகரந்தத்தை வைத்து அதற்கும் முந்தைய ஈயோசீன் (சுமார் 5.6 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுக்கு முன்வரை) என்று வாதிடுபவர்களும் உண்டு.

செடி எச்சத்தை மட்டும் வைத்து வயது சொல்லப் போய் மிகப் பெரியவரே சறுக்கியிருக்கிறார். இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை என்று நாங்கள் சொல்லும் பிர்பல் சாஹ்னியைத்தான் சொல்கிறேன். தக்காணத்து எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே, குழம்பு ஓய்ந்திருந்த இடைவேளைகளில் ஏரியும் குளமும் உண்டாகி, அவற்றில் செடிகள் புதைந்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தில் மோகாவ் கலான் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே பனை வகைகள் ஏராளம். உப்பங்கழியில் வளரும் நிப்பா பனையின் காயும் கிடைத்தது. லண்டன் பகுதியின் களிமண் படிவத்தில் ஈயோசீன் காலத்து நிப்பாக் காய்கள் குவியலாகக் கிடைப்பது சாஹ்னிக்குத் தெரியும். ஆகவே தக்காணக் குழம்பும் டைனோசர்கள் அழிந்த பிறகு, ஈயோசீனில் வந்ததுதான் என்று 1930களில் வாதிட்டார். பிற்பாடு கதிரியக்க முறையில் பாறையையே அளந்தபோது பெரும்பகுதி ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு என்று வந்தது. டைனோசர்களின் கடைசிக் காலம். நிப்பா நாம் நினைத்ததைவிடப் பழைய செடி, அவ்வளவுதான். செடியைச் சரியாகத்தான் அடையாளம் கண்டார். அது எப்போது தோன்றியது என்ற அனுமானம் பிசகிவிட்டது. அதனால் அவர் பெருமை குறையவில்லை. வாதத்தை ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தான் எங்கே பிசகியது என்று இன்றைக்கு நம்மால் காட்ட முடிகிறது.

சரி, மரத்துக்கு வருவோம். கல்லைப் பார்த்து இது இன்ன மரம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த முறை போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சும் எடுத்துப் போங்கள். (துண்டு எதையும் பெயர்த்து வராதீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசிய நினைவுச்சின்னம் அது.) கட்டையின் குறுக்கு முகத்தில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். உலர்ந்திருக்கும்போது வெறும் கல்லாகத் தெரிந்தது, நனைந்ததும் மரமாகத் தெரியும். ஊசி குத்தியது போலப் புள்ளிகள் தென்பட்டால் அவை நீர் ஏற்றிய குழாய்கள். அந்தப் புள்ளிகள் இருந்தால் பூக்கும் தாவரம் என்று வைத்துக்கொள்ளலாம். புள்ளியே இல்லாமல் நெசவுத்துணி மாதிரி ஒரே சீராக இருந்தால் ஊசியிலை வகையாக இருக்கக்கூடும். புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தனித்தனித் தீவுகளில் சிதறி, ஆண்டு வளையமே இல்லாமல் இருந்தால் பனை. வெட்டிய பனங்கட்டையின் முகத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

இதற்கு மேல் போக வேண்டுமென்றால் அறுக்க வேண்டும். வைர விளிம்புள்ள வட்ட ரம்பத்தில் மூன்று திசையில் மூன்று சீவல்: குறுக்கே ஒன்று, நடுவிலிருந்து பட்டை நோக்கி நெடுக்கே ஒன்று, பட்டைக்கு இணையாக நெடுக்கே ஒன்று. ஒவ்வொன்றையும் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டுக் கண்ணாடிப் பலகையில் கையால் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தூள், பிறகு மாவு போன்ற தூள். சுமார் 30 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெலிதாக வரும்வரை. 1830களில் எடின்பரோவில் வில்லியம் நிக்கோலும் ஹென்றி விதமும் செய்ததும் இதுதான், சாமான்கள்தான் மாறியிருக்கின்றன. தேய்க்கும்போது ஒரு கட்டத்தில் கல் மங்கலாக ஒளி விடும். எட்டு போட்டு எட்டு போட்டுத் தேய்த்துக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் பத்து சுற்று போனால் தெளியும் என்று தோன்றும். அந்தப் பத்தில் ஏழாவது சுற்றில் முழுச் சீவலும் பாலாகக் கரைந்து பலகையோடு போய்விடும். எனக்கு முதல் மாதத்தில் அப்படிப் போனவை பதினொன்று. கல்லாகி 2 கோடி ஆண்டு கிடந்ததை ஒரு பிற்பகலில் சந்தனம் மாதிரி அரைத்துக் கழுவிவிட்ட துக்கம் கொஞ்ச நாள் இருந்தது.

சரியாக வந்த சீவலில் என்ன தெரியும் என்றால், குங்கிலிய மரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோங்கு, குங்கிலியம், எண்ணெய்மரம் எல்லாம் சேர்ந்த அந்தக் குடும்பத்தை டிப்டெரோகார்ப் என்போம். அதன் மரத்தில் நீர்க்குழாய்களைத் தவிரப் பிசின் குழாய்களும் உண்டு. குறுக்குச் சீவலில் அவை சிறிய வெள்ளை வட்டங்களாக, ஒரு வகையில் கோலப்புள்ளி வரிசை மாதிரி நீளமாகவும், இன்னொரு வகையில் இரண்டு மூன்றாகச் சிதறியும் தெரியும். வெள்ளிக்கிழமை தணலில் போடுகிறோமே குங்கிலியம், அது ஊறி வரும் பாதை. மரமும் பிசினும் போய்க் கோடி ஆண்டு ஆன பிறகும் அந்தக் குழாயின் வடிவம் குவார்ட்ஸில் அச்சாக நிற்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

கடலூர் மணற்கல்லின் மரங்களை இப்படிச் சீவிப் பெயர் வைத்தவர்களில் சி. ஜி. கே. ராமானுஜம், நவாலே, அவஸ்தி முக்கியமானவர்கள். 1950கள் முதல் 70கள் வரை ஒன்றன்பின் ஒன்றாக விவரித்தார்கள். பெயரின் இறுதியில் 'ஆக்சிலான்' என்று வந்தால் மரத்தண்டு எச்சம் என்று பொருள். டிப்டெரோகார்ப்பாக்சிலான் என்றால் 'டிப்டெரோகார்ப்பஸ் மாதிரியான மரம்'. 'மாதிரியான' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பூவும் காயும் இலையும் இல்லாமல் கட்டையை மட்டும் வைத்துத் தச்சர் சொல்கிற அளவுக்குத்தான் நாங்களும் சொல்ல முடியும். டிப்டெரோகார்ப் தவிர, மருதும் தான்றியும் சேர்ந்த குடும்பம், புளியும் ஆச்சாவும் சேர்ந்த பயறு இனம், ஆமணக்குக் குடும்பம், மாவின் குடும்பம் என்று பட்டியல் நீள்கிறது. பூக்காத ஊசியிலைக் கூட்டத்திலிருந்து மெசெம்ப்ரியாக்சிலான் என்பதும் உண்டு. அதன் உறவினர்களில் ஒரே ஒரு இனம் மட்டும் இன்றும் தென்னிந்திய மலைகளில் வாழ்கிறது. அகத்தியமலைப் பக்கமும் ஆனைமலைப் பக்கமும் உச்சியில் ஈரக்காட்டுக்குள் நிற்கும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. டிப்டெரோகார்ப் மரங்கள் இன்று எங்கே இருக்கின்றன? மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், மலேசியா, போர்னியோ காடுகளில். ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் மழை, வறட்சி சில மாதத்துக்கு மேல் போகக்கூடாது. சால் மரம் போன்ற சில முரடுகள் வறட்சியைத் தாங்கும். மற்றவை தாங்கா. விழுப்புரத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்தால் அடுத்த ஆறு மாதம் வானம் பார்த்த பூமி. ஆகவே அன்றைக்கு இங்கே மழை அதிகம், கோடை குட்டை, மழைக்காடு. உங்களோடு வந்தவர் சொன்னதன் பின்னணி இந்தத் தர்க்கம்தான். 'அருகிலுள்ள உயிருள்ள உறவினர்' முறை என்று பெயர்.

நல்ல முறைதான். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, உறவினர் குணம் மாறியிருக்கலாம். நிப்பா விஷயத்தில் அனுமானம் பிசகியது போல இங்கேயும் பிசகலாம். ஒரு மரத்தை வைத்துச் சொன்னால் ஆபத்து. பத்துப் பதினைந்து மரங்களும் ஒரே பக்கம் கை காட்டினால் ஆபத்து குறைகிறது. கடலூர் மணற்கல்லில் பல மரங்கள் ஈரத்தின் பக்கமே காட்டுகின்றன, அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

இரண்டாவதுதான் பெரிது. வேரில்லை, கிளையில்லை, பட்டையில்லை என்று மனதில் வைக்கச் சொன்னேனே. மரம் நின்ற இடத்திலேயே புதைந்திருந்தால் அடிக்கட்டையாவது வேரோடு நட்டுக்கொண்டு இருந்திருக்கும். இவை மேட்டிலிருந்து ஆற்றில் உருண்டு, பாறையில் மோதிக் கிளை முறிந்து, பட்டை உரிந்து வந்து சேர்ந்த கட்டைகள். 'இங்கே மழைக்காடு இருந்தது' என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. 'இந்த ஆறு மழைக்காட்டு வழியாக வந்தது' என்றுதான் சொல்ல முடியும். அந்தக் காடு பத்து கிலோமீட்டர் தொலைவிலா, நூறு கிலோமீட்டரிலா, சமவெளியிலா மலைச்சரிவிலா? கட்டை சொல்லாது. இன்னொரு வடிகட்டலும் நடந்திருக்கிறது. ஆற்றில் பல நாள் மிதந்து உருண்டு தாங்குவது கெட்டி மரம். முருங்கையும் கல்யாண முருங்கையும் போன்ற மெத்தென்ற மரங்கள் வழியிலேயே நைந்து போயிருக்கும். புல்லும் செடியும் கொடியும் வரவே வராது. பூங்காவில் நாம் பார்ப்பது காட்டின் பிரதிநிதி சபை அல்ல, வைரம் பாய்ந்தவர்கள் மட்டும் வந்து சேர்ந்த கூட்டம்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரம் இதற்கு இன்னும் பச்சையான சாட்சி. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டது. ஊசியிலை வகை, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தது, திருவக்கரையைவிடப் பல மடங்கு பழையது. அது கிடப்பது கடலடிப் படிவத்தில். அந்த வட்டாரம் முழுக்க அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரியும் சிப்பியும் அள்ளலாம். மரம் கடலில் வளராது என்பதால் அங்கே யாரும் ஏமாறவில்லை. ஆறு கடலுக்குத் தள்ளி, மிதந்து, நீர் ஊறிக் கனத்து மூழ்கியது என்று எளிதில் புரிந்தது. திருவக்கரையில் ஆற்று மணல் என்பதால் 'இங்கேதான்' என்று நாக்கு தானாகப் புரள்கிறது.

அப்படியானால் அந்த இடத்துக் காட்டை அறியவே வழியில்லையா? உண்டு. கட்டையை விட்டுவிட்டு, பயணம் செய்யாத சாட்சிகளைத் தேட வேண்டும். இலை ஒன்று. இலை ஆற்றில் வெகுதூரம் வந்தால் கிழிந்துவிடும், ஆகவே முழு இலை கிடைத்தால் மரம் பக்கத்தில்தான். அதோடு இலை காலநிலையை நேரடியாகப் பேசும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்து மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இலை விளிம்பு மழமழவென்று இருக்கும். குளிர்ப்பிரதேசத்தில் ரம்பப்பல் அதிகம். 1915இலேயே அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பெய்லியும் சின்னாட்டும் கவனித்தது இது. பின்னால் உல்ஃப் அதைக் கணக்காகவே ஆக்கினார். ஒரு இடத்து மரவகைகளில் நூற்றுக்கு எத்தனைக்குப் பல் இல்லை என்று எண்ணினால் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ வந்துவிடும். மரத்தின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இந்த முறையின் மேல் ஒரு தனிப் பிரியம். ஆனால் திருவக்கரையின் பருமணலில் இலை தங்காது.

இன்னொன்று மகரந்தம். அதன் வெளிப்புற ஓடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது, அமிலத்துக்கே மசியாதது. பாறையைப் பொடித்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டால் மணல் கரைந்துபோகும், மகரந்தம் மிஞ்சும். சிவந்த மணற்கல்லில் ஆக்சிஜன் பட்டு அதுவும் அழிந்திருக்கும். ஆனால் தெற்கே நெய்வேலியில் சுரங்கத்துக்காக அகற்றும் மேல்மண்ணில் பெரும்பகுதி இதே கடலூர் மணற்கல். அதற்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, சேற்றுச் சதுப்பில் அந்த இடத்திலேயே அழுகிய காடு. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் 1930களில் கிணறு இறக்கியபோது கறுப்பாக ஏதோ வந்ததே, அது. அதில் மகரந்தம் ஏராளம், ராமானுஜம் அதையும் விவரித்தார். பனை இனங்கள், கழிமுகச் செடிகள், பெரணிகள் என்று கரையோரச் சதுப்புக்காடு தெரிகிறது. மழைக்காட்டின் கட்டையையும் கழிமுகச் சதுப்பின் மகரந்தத்தையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால்தான் அந்த நிலப்பரப்பு உருவாகிறது. ஒன்றை வைத்து மற்றொன்றின் கதையைச் சொல்லக்கூடாது.

மகரந்தத்துக்கும் தொல்லை உண்டு. பறக்கும். புல்லும் சவுக்கும் காற்றில் மகரந்தத்தை வாரி இறைக்கும். டிப்டெரோகார்ப்புகள் பூச்சியை நம்புகிறவை, குறைவாகத்தான் உதிர்க்கும். எண்ணிக்கையை அப்படியே காட்டின் விகிதாசாரமாக எடுத்தால் மழைக்காட்டையும் புல்வெளி என்பீர்கள். மாசு இன்னொன்று. பஞ்சாபின் (இன்று பாகிஸ்தானில்) உப்புப்பாறைத் தொடரில் பூக்கும் தாவரத் துணுக்குகள் கிடைத்தன என்று சாஹ்னி 1940களில் அறிவித்து, பாறை ஈயோசீனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பெரிய சர்ச்சை. கடைசியில் பாறை 50 கோடி ஆண்டுக்கும் முந்தையது என்பதுதான் நின்றது. துணுக்குகள் பின்னால் உள்ளே புகுந்தவை என்றுதான் இன்று கருதுகிறோம். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் ஜன்னலைச் சாத்து என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருப்போம். வெளியே வேப்பம்பூ காலம் வந்தால் இன்னும் கத்துவோம்.

மகரந்தத்தைப் பெயர் சொல்லி அழைக்க, உயிருள்ள செடிகளின் மகரந்தம் பக்கத்தில் வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அப்படி ஒரு சேகரம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான கண்ணாடிச் சில்லுகள். வெப்பமண்டலச் செடிகளுக்கு உலகிலேயே பெரிய சேகரங்களில் ஒன்று. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இருந்தார், அங்கேயே கொல்லப்பட்டார். வயது 48. அலையாத்திக் காட்டு மகரந்தம் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது. விமானக் கடத்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் பெயரைச் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இருந்த இடத்திலேயே கிடக்கும் சாட்சிக்கு நம் ஊரிலேயே ஆகச் சிறந்த உதாரணம் நீலகிரி. வயது சின்னது, சில பத்தாயிரம் ஆண்டுதான். ஆனால் கார்பன்-14 எட்டும் தூரம். ஊட்டிக்கு மேலே புல்மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் கறுப்பாக, ஸ்பாஞ்சு மாதிரி மிதிபடும் சதுப்பு இருக்கும். பீட் என்பார்கள், நிலக்கரி ஆவதற்கு முந்தைய நிலை. புல்லும் செடியும் ஆண்டுக்காண்டு அங்கேயே மட்கி அடுக்கடுக்காகச் சேர்ந்தது. சுகுமாரும் ரமேஷும் பந்தும் ராஜகோபாலனும் அதில் கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான, சிதையாத வகை) அளந்து 1993இல் வெளியிட்டார்கள். விஷயம் எளிது. கரும்பு, சோளம், கேழ்வரகு, வெப்பப் புற்கள் எல்லாம் ஒரு கட்சி, சி-4 என்போம். நெல், மரங்கள், குளிர்ப்புற்கள் இன்னொரு கட்சி, சி-3. இரண்டும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் வழி வேறு என்பதால் கார்பன்-13இன் அளவும் வேறு. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் அதே சோதனை. (அரிசிப் பாகு கலந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், நெல் சி-3 அல்லவா. கலப்படக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.)

சுமார் 20,000 ஆண்டுக்கு முன், உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது நீலகிரிப் பீட்டில் சி-4 புல்லின் கை ஓங்கியிருந்தது. பருவமழை தளர்ந்த, வறண்ட காலம். 11,000 ஆண்டை ஒட்டி அது சி-3 பக்கம் சாய்கிறது, மழை வலுத்துவிட்டது. இங்கேயும் ஒரு முடிச்சு: பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 180 பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தக் குறைவும் சி-4க்குத்தான் சாதகம். எவ்வளவு மழைக் குறைவால், எவ்வளவு காற்றால் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் ஒன்று உறுதி. சோலைக்காட்டை மனிதன் எரித்துத்தான் நீலகிரிப் புல்வெளி வந்தது என்று பேசுவார்களே, அது முழுக் கதையாக இருக்க முடியாது. மலைமேல் ஆடுமாடும் உழவும் வருவதற்கு முன்பே புல் அங்கே இருந்தது. அதே பீட்டில் மேலடுக்கில் யூகலிப்டஸ் மகரந்தம் வந்தால் அந்த மண் 1840களுக்குப் பிந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், மரம் மலைக்கு வந்ததே அப்போதுதான்.

'இந்தியா நகர்ந்து வந்ததால்தான் காடு மாறியதா' என்று அடுத்து உங்கள் மகள் கேட்கக்கூடும். திருவக்கரைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. 2 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா ஏறத்தாழ இன்றைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து, ஆசியாவில் மோதி நெடுங்காலம் ஆகியிருந்தது. சாத்தனூர் மரம் வாழ்ந்தபோது நிலம் தென்கோளத்தில் இருந்தது, அதற்குப் பொருந்தும். அதற்கும் முந்தைய சாட்சி ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரியில் கிடைக்கும் குளோசாப்டெரிஸ் இலை, நாக்கு வடிவில் இருக்கும். 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உறைந்து இறந்த ஸ்காட் குழுவிடம் 16 கிலோ பாறைகள் இருந்தன. நடக்கவே தெம்பில்லாதபோதும் போடாமல் இழுத்து வந்தவை. அவற்றில் அதே இலை: இந்தியாவும் தென்துருவ நிலமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்ததன் சாட்சி. அதை 1914இல் விவரித்தவர் கேம்பிரிட்ஜில் சீவர்ட். அப்போது அவரிடம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர் பிர்பல் சாஹ்னி.

அடுத்த முறை திருவக்கரை போனால் மரத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். ஓடை அரித்த செம்மண் சுவர் ஏதாவது இருக்கும், அதன் முன் பிள்ளைகளை நிறுத்துங்கள். மணலும் கூழாங்கல்லும் மாறிமாறி வரும். சில இடத்தில் மணல் அடுக்கு படுக்கையாக இல்லாமல் கூரை ஓடு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஓடும் தண்ணீர் மணலைத் தள்ளிக் கொட்டிய சாய்வு அது, ஆறு போன திசையில்தான் சரியும். நாலைந்து இடத்தில் திசைகாட்டி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மரங்கள் நின்ற காடு அதற்கு நேர் எதிர்ப் பக்கம்.